இரைப்பையைச் சுருக்குவதா, மடை மாற்றுவதா?

பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘உடல்நலம் மற்றும் நோய்கள்’ பாடத்தில் உடல் பருமனுக்கென்று ஒரு சிறு பகுதி உண்டு. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, இரண்டு கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் போயிருக்கிறேன்.

ஒரு குறுவள மையப் பயிற்சியின் மதிய இடைவேளையில் சக ஆசிரியை ஒருவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். போடியிலிருந்து தினமும் பேருந்தில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டுப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போய் வருபவர். வயதில் என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கைப்பையிலிருந்து வழவழப்பான ஒரு துண்டறிக்கையை எடுத்து நீட்டினார். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கான இலவச ஆலோசனை முகாமில் கொடுத்தது. அதில் மூன்று இரைப்பைப் படங்கள், மூன்றின் கீழும் மூன்று விலைகள்.

“நீங்க சயின்ஸ் டீச்சர்தானே? இதுல எது நல்லதுன்னு சொல்லுங்க.”

அவருக்கு உயரம் 155 செ.மீ., எடை 98 கிலோ. வகுத்துப் பார்த்தால் உடல் நிறைக் குறியீடு 40.8. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை, மூன்று ஆண்டுகளாக இன்சுலின். முழங்கால் வலியால் வகுப்பறையில் நின்று பாடம் நடத்த முடியவில்லை. முகாமில் இருந்தவர், “ஸ்லீவ் பண்ணிக்கோங்க மேடம், எல்லாரும் அதான் பண்றாங்க, விலையும் கம்மி” என்று சொல்லி முன்பணத் தேதியும் கொடுத்துவிட்டார்.

நான் மருத்துவர் இல்லை. எது நல்லது என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது, அதை அவரிடமும் சொன்னேன். ஆனால் மூன்று படங்களும் நாம் நடத்தும் செரிமான மண்டலத்தின் படங்கள்தாம். அவை ஒன்றிலிருந்து ஒன்று எப்படி மாறுபடுகின்றன, மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை ஒரு பாடமாக நடத்த முடியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் நடத்தியதும், பிறகு பத்தாம் வகுப்பில் நடத்தியதும்தான் இந்தக் கட்டுரை. அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

மஞ்சப்பையும் கொடிக்கயிறும்

தேவையான பொருள்கள்: ஒரு மஞ்சப்பை, துணி காயப்போடும் கொடிக்கயிறு 6 மீட்டர், ஊசி நூல், சில துணிக் கிளிப்புகள். மஞ்சப்பைதான் இரைப்பை. கொடிக்கயிறு சிறுகுடல், வளர்ந்தவருக்கு அது ஏறத்தாழ 6 மீட்டர் நீளம் இருக்கும். கயிற்றின் முதல் ஒரு சாண் முன்சிறுகுடல். பித்தமும் கணைய நீரும் வந்து கலக்கும் இடம் அதுதான். பையின் மேல் ஓரத்தில் உணவுக்குழாய் வந்து சேர்வதாக வைத்துக்கொள்வோம்.

முதல் முறை ‘ஸ்லீவ்’. சட்டையின் கை என்றுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். பையை மேலிருந்து கீழாக நீளவாக்கில் தைத்து, வெளிப்பக்கம் தொங்கும் பெரிய பகுதியை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் போய்விடும். மீதி இருப்பது ஒரு குறுகிய குழாய், 100 முதல் 150 மி.லி. வரை கொள்ளும், ஒரு டீ டம்ளர் அளவு. குடலில் கை வைப்பதில்லை. உணவு போகும் பாதை பழைய பாதையே. வெட்டி எடுத்ததை மறுபடி ஒட்ட முடியாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். துண்டறிக்கையில் அந்த வரி இல்லை.

இரண்டாவது ‘பைபாஸ்’. இதில் எதையும் வெட்டி வெளியே எடுப்பதில்லை. பையின் வாய்க்குப் பக்கத்தில் சுமார் 30 மி.லி. கொள்ளும் ஒரு சிறு பையைப் பிரித்துவிடுகிறார்கள். இரண்டு மேசைக்கரண்டி அளவு. கொடிக்கயிற்றைச் சற்றுத் தள்ளி ஓரிடத்தில் துண்டித்து, கீழ்முனையை மேலே தூக்கி இந்தச் சிறு பையோடு இணைக்கிறார்கள். மேல்முனையை ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் கீழே கொண்டுபோய்ப் பக்கவாட்டில் இணைக்கிறார்கள். உணவு ஒரு வழியில் வரும். பித்தமும் கணைய நீரும் இன்னொரு வழியில் வரும். இரண்டும் கீழே சந்திக்கும். ஆங்கில ‘ஒய்’ எழுத்து மாதிரி இருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தைவிட வாய்க்கால் எளிது. ஒரு மடையை அடைத்து இன்னொன்றைத் திறந்து, தண்ணீரைக் கீழ்வயலுக்கு நேராகப் பாய்ச்சுவதுபோல என்றேன், உடனே பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றாவது ‘மினி பைபாஸ்’. அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ரட்லெஜ் 1997இல் தொடங்கியது. இரண்டு இணைப்புகளுக்குப் பதில் ஒரே இணைப்பு. நீளமான குழாய் போன்ற இரைப்பையைச் செய்து, கொடிக்கயிற்றைத் துண்டிக்காமல் அப்படியே வளைத்துத் தூக்கி, ஒன்றரை இரண்டு மீட்டர் தாண்டிய இடத்தில் பக்கவாட்டில் இணைப்பது. அறுவை நேரம் குறைவு, எடை நன்றாகக் குறையும். ஆனால் பித்தம் அந்த இணைப்பு வழியாக மேலே இரைப்பைக்குள் வரக்கூடும். விட்டுப்போன குடலின் நீளம் கூடினால் சத்துக் குறைபாடும் கூடும். பெயரில் உள்ள ‘மினி’ பலரை ஏமாற்றுகிறது. அறுவை சிறியது என்று அதற்குப் பொருளில்லை.

துண்டறிக்கையில் இல்லாத வேறு சிலவும் உண்டு. இரைப்பையின் கழுத்தில் சிலிக்கோன் வளையம் மாட்டும் முறை ஒரு காலத்தில் உலகமெங்கும் பரவி, வளையம் நழுவுவது, அரிப்பது, எடை திரும்புவது என்று தொல்லைகள் வந்ததால் இன்று அரிதாகிவிட்டது. குடலின் பெரும்பகுதியைத் தவிர்க்கும் ‘டியோடினல் ஸ்விட்ச்’ எடையை எல்லாவற்றையும்விட அதிகமாகக் குறைக்கும், சத்துக் குறைபாட்டையும் அப்படியே கூட்டும். எண்டோஸ்கோப்பி வழியாகப் பலூனை இரைப்பைக்குள் வைத்துச் சுமார் ஆறு மாதத்தில் எடுத்துவிடும் முறையில் கத்தியே கிடையாது. பலூனுக்குள் நீலச் சாயம் கலந்த உப்புநீரை நிரப்புவார்கள். பலூன் கிழிந்தால் சிறுநீர் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். இதைச் சொன்னபோது வகுப்பு முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

பசி எங்கே இருக்கிறது?

இரைப்பை சிறிதானால் குறைவாகச் சாப்பிடுவோம், அதனால் எடை குறைகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது பாதிதான் சரி. 1999இல் ஜப்பானியர்களான கோஜிமாவும் கங்காவாவும் ‘கிரெலின்’ என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். மூளைக்குப் பசியைச் சொல்லும் இந்த ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்வளைவில் சுரக்கிறது. ஸ்லீவில் வெட்டி எறிவது அந்தப் பகுதியைத்தான். பைபாஸில் நடப்பது வேறு: பாதி செரித்த உணவு பின்சிறுகுடலுக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் ‘ஜி.எல்.பி.-1’ போன்ற ஹார்மோன்கள் அதிகம் சுரக்கின்றன. அவை இன்சுலினைத் தூண்டுகின்றன, வயிறு நிறைந்த உணர்வைக் கொடுக்கின்றன. அதனால்தான் பைபாஸ் செய்தவர்களில் பலருக்கு எடை குறைவதற்கு முன்பே, சில நாள்களிலேயே சர்க்கரை இறங்குகிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் போரீஸ் 1995இல் இதை விரிவாக எழுதியபோது மருத்துவ உலகம் வியந்தது. 2025இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த வாராந்திர ஊசி மருந்துகள் இந்த ஜி.எல்.பி.-1 வழியைத்தான் மருந்தாகப் பின்பற்றுகின்றன. ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது என்பது அவற்றின் குறை. அறுவை வேண்டாம் என்பவர் மருத்துவரிடம் கேட்கத்தக்க வழி அது.

‘பசி வாய்க்கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு’ என்று நாம் எளிதில் பேசிவிடுகிறோம். அக்காவும் தன்னைப் பற்றி அப்படித்தான் பேசினார். ஹார்மோன் பாடத்தைப் பத்தாம் வகுப்புக்கு நடத்துகிறோம். அதை ஆசிரியர் அறைக்கு நடத்த மறந்துவிடுகிறோம்.

எதன் 70 விழுக்காடு?

துண்டறிக்கையில் பெரிய எழுத்தில் ‘70% எடை குறையும்’ என்றிருந்தது. 98 கிலோவில் 70 விழுக்காடு போனால் மிஞ்சுவது 29 கிலோ. யாரும் உயிரோடு இருக்க முடியாது! அந்த விழுக்காடு மொத்த எடைக்கு அல்ல, ‘மிகை எடை’க்கு. இதை அப்படியே கணிதப் பாடமாக்கலாம்.

155 செ.மீ. உயரத்துக்குக் குறியீடு 25 என்றால் எடை 60 கிலோ. அக்காவின் மிகை எடை 98 – 60 = 38 கிலோ. அதில் 70 விழுக்காடு 26.6 கிலோ. மொத்த எடையில் பார்த்தால் 27 விழுக்காடு. நல்ல குறைவுதான், ஆனால் துண்டறிக்கையைப் படிப்பவர் மனத்தில் தோன்றும் எண் அதுவல்ல. விழுக்காட்டைக் கண்டதும் ‘எதன் விழுக்காடு?’ என்று கேட்கும் பழக்கத்தை எட்டாம் வகுப்பிலேயே ஊட்டிவிடலாம்.

அதோடு, அது முதல் ஓரிரு ஆண்டுகளின் எண். பின்லாந்தில் 240 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஸ்லீவும் பைபாஸும் செய்து ஒப்பிட்டார்கள். பத்தாண்டு முடிவு 2022இல் வெளியானது. மிகை எடையில் குறைந்தது ஸ்லீவில் 43.5 விழுக்காடு, பைபாஸில் 50.7 விழுக்காடு. இதை அக்காவின் 38 கிலோவில் போட்டால் ஒன்று 16.5 கிலோ, மற்றொன்று 19.3 கிலோ. பத்து ஆண்டு கழித்து இரண்டுக்கும் வேறுபாடு மூன்று கிலோவுக்குள். சர்க்கரை நோய் முழுவதும் விலகியவர்களின் அளவும் இரண்டில் பெரிதாக வேறுபடவில்லை; ஸ்லீவில் 26, பைபாஸில் 33 விழுக்காடு.

அப்படியானால் எதைச் செய்தாலும் ஒன்றுதானா? அதே ஆய்வில் இன்னோர் எண் இருக்கிறது. உணவுக்குழாயில் அமிலப் புண் ஸ்லீவ் செய்தவர்களில் 31 விழுக்காட்டினருக்கும், பைபாஸ் செய்தவர்களில் 7 விழுக்காட்டினருக்கும் இருந்தது. இது மூன்று கிலோ வேறுபாடு இல்லை.

மஞ்சப்பையைப் பார்த்தாலே காரணம் தெரியும். ஸ்லீவில் பை குறுகிய குழாயாகிவிடுகிறது. கீழ் வாய் பழையபடி இறுக்கமாக இருக்கிறது. குழாய்க்குள் அழுத்தம் கூடினால் அமிலம் போக ஒரே வழி மேலேதான். பைபாஸின் சிறு பையில் அமிலம் சுரப்பதே குறைவு. பித்தமும் அந்தப் பக்கம் வருவதில்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா, “நெஞ்செரிச்சல்னா ராத்திரி புளிச்ச தண்ணி தொண்டைக்கு வருமே, அதா?” என்று கேட்டார். நான்கைந்து ஆண்டுகளாக இரண்டு தலையணை வைத்துத்தான் படுக்கிறாராம். முகாமில் சொன்னீர்களா என்றேன். “அவங்க கேக்கல. அது வேற வியாதின்னு நெனச்சேன்.”

முடிவை மாற்றியது அந்த ஒரு கேள்விதான். மதுரையில் குடல் சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் எண்டோஸ்கோப்பி எடுத்தார். உணவுக்குழாயின் அடியில் புண். இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தின் துளை வழியாக மார்புப் பக்கம் ஏறியிருந்தது. “ஸ்லீவ் உங்களுக்கு வேண்டாம்” என்று அவர் சொன்னதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லையாம். சர்க்கரையைப் பற்றியும் நேராகச் சொன்னார்: பதினோரு ஆண்டுச் சர்க்கரை, இன்சுலின் வேறு, முழுவதும் விலகும் என்று நம்பி அறுவைக்கு வராதீர்கள், மருந்து வெகுவாகக் குறையலாம். நோய் வந்த முதல் சில ஆண்டுகளில், கணையம் இன்னும் இன்சுலின் சுரக்கும் நிலையில் வருபவர்களுக்குத்தான் பலன் அதிகம். எந்த அறுவையைத் தேர்வது என்ற கேள்வியிலேயே எல்லாரும் நிற்கிறோம். எப்போது செய்வது என்ற கேள்வி சர்க்கரை நோயாளிக்கு அதைவிடப் பெரிது என்பது என் எண்ணம்.

ஜீப் ஓட்டுநரின் கணக்கு வேறு

அக்காவின் தங்கை வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். விடியற்காலையில் போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, மாலையில் இறக்கிவிடுபவர். 172 செ.மீ., 121 கிலோ, குறியீடு 40.9. அக்காவுக்கு இருப்பதும் ஏறத்தாழ இதே எண்தான். ஆனால் சர்க்கரை இல்லை, நெஞ்செரிச்சல் இல்லை. இரவெல்லாம் குறட்டை, பகலில் தூக்கம். ஒருநாள் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தியவர் ஸ்டீயரிங் மேலேயே தூங்கிவிட்டார். ஏறும் வழியில் எந்த வளைவிலாவது தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் நினைத்துப் பார்த்தார்கள். மறுநாள் நான்கு பேர் வேறு ஜீப்பில் ஏறினார்கள். அதுதான் அவரை மருத்துவரிடம் அனுப்பியது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய். கழுத்தில் சேர்ந்த கொழுப்பு மூச்சுப்பாதையை அழுத்துவதால் வருவது. எடை குறைந்தால் பெரும்பாலோருக்குக் குறையும். அதுவரை இரவில் முகமூடிக் கருவி.

அவருக்கு மருத்துவர் சொன்னது ஸ்லீவ். காரணங்களைக் கேட்டால் மலை வாழ்க்கையே கண்முன் வருகிறது. அவர் பீடி குடிப்பவர். இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வாரம் முழுவதும் போடுபவர். பைபாஸில் இரைப்பையும் குடலும் சேரும் இணைப்பில், இந்த இரண்டாலும் புண் வந்து ஓட்டை விழக்கூடும். பைபாஸ் செய்தவர் அத்தகைய வலி மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் தவிர்க்க வேண்டும். பீடியை எந்த அறுவையானாலும் விட்டே ஆக வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லி இரண்டு மாதம் காத்திருக்க வைத்தார். ஆனாலும் மறுபடி தொடங்கிவிடுவார் என்ற ஐயத்தையும் கணக்கில் சேர்த்தார். மனிதரை அறிந்த மருத்துவர். மதுவைப் பற்றியும் எச்சரித்தார். இந்த அறுவைகளுக்குப் பிறகு, குறிப்பாகப் பைபாஸுக்குப் பிறகு, மது வேகமாக ரத்தத்தில் ஏறும். பழைய அளவு பழைய அளவாக இருக்காது.

இன்னொரு காரணம் தூரம். பைபாஸில் கொடிக்கயிற்றை மேலே தூக்கிக் கட்டும்போது கயிற்றுக்குப் பின்னால் ஓர் இடைவெளி உண்டாகிறது. மஞ்சப்பை மாதிரியில் விரலை விட்டே காட்டலாம். உள்ளே கொழுப்புக் கரைந்த பிறகு அந்த இடைவெளி பெரிதாகி, குடல் அதற்குள் நுழைந்து முறுக்கிக்கொள்ளக் கூடும். அறுவையின்போதே தையல் போட்டு அடைப்பதால் இது இப்போது குறைவு, ஆனால் இல்லாமல் போகவில்லை. ஆண்டுகள் கழித்தும் வரலாம். விட்டு விட்டு வரும் கடும் வயிற்றுவலிதான் அடையாளம். உடனே ஸ்கேனும் அறுவை அரங்கும் வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து போடிமெட்டுச் சாலை அடைபடுவது நமக்குத் தெரியும். ஆண்டின் பாதி நாள் பூப்பாறைப் பக்கத் தோட்டங்களில் தங்கும் ஒருவருக்கு இந்த அபாயத்தின் எடை வேறு. ‘வயிற்று வலிதானே, வாயு’ என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பதும் நம் வழக்கம்.

அக்காவுக்கு இதே அபாயத்தை மருத்துவர் விளக்கினார். அவர் வீடு போடியில்; தேனியும் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் கீழேயே இருக்கின்றன. பள்ளியில் இருக்கும் நேரத்தில் வலி வந்தால் யார் கீழே அழைத்து வருவது என்று தலைமை ஆசிரியரிடம் பேசி வைத்தார். ஒரே குறியீட்டு எண், ஒரே குடும்பம், இரண்டு வேறு அறுவைகள்.

வாழ்நாள் மாத்திரை

இரும்பும் கால்சியமும் முன்சிறுகுடலில்தான் அதிகம் உறிஞ்சப்படுகின்றன. பைபாஸில் உணவு அந்த இடத்தைத் தொடுவதே இல்லை. வைட்டமின் பி12 உறிஞ்சப்பட இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் தேவை. இரண்டு அறுவைகளிலும் அது குறைகிறது. ஆகவே பல்சத்து மாத்திரை, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12 என்று வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும். ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை வேண்டும். பி12 குறைந்தால் கை கால் மரத்துப்போகும். கவனிக்காமல் விட்டால் நரம்புச் சேதம் திரும்பாது. அறுவைக்கு ஆகும் செலவைக் கேட்டவர்கள் இந்த மாதச் செலவைக் கேட்பதில்லை. நம் ஊரில் ஏற்கெனவே ரத்தசோகையோடு இருக்கும் பெண்கள் இதைக் கேட்காமல் பைபாஸுக்குப் போகவே கூடாது என்பேன்.

இளம் ஆசிரியைகளுக்கு ஒன்று. அறுவைக்குப் பிறகு ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். எடை குறையும்போது கருவுறும் வாய்ப்புக் கூடுகிறது. பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை முன்போல வேலை செய்யும் என்று நம்ப முடியாது. வேறு வழியை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டு முறையும் மாறும். நாள் ஒன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம்; முதலில் அது, பிறகுதான் சோறு. ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. பைபாஸ் செய்தவர் ஒரு அதிரசத்தை அவசரமாகத் தின்றால் சர்க்கரை நேரே குடலுக்குள் இறங்கி, அரை மணிக்குள் வியர்வை, படபடப்பு, தலைசுற்றல், பேதி. கையெழுத்து நோட்டுத் திருத்திக்கொண்டே பத்து நிமிடத்தில் டிபன் டப்பாவை முடிக்கும் நமக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பணமும் முகாமும்

தகுதி எண்களில் ஒரு முரண் இருக்கிறது. 2022இல் அமெரிக்கச் சங்கமும் பன்னாட்டுக் கூட்டமைப்பும் வெளியிட்ட வழிகாட்டுதல், குறியீடு 35க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கிறது. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வருவதால் 27.5 முதலே பேசலாம் என்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியோ வேறு. நாம் தனியாக எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில் 18 வயது நிரம்பி, குறியீடு 40 இருக்க வேண்டும். அல்லது 35 இருந்து, கட்டுப்படாத சர்க்கரை, இதயநோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்றவை இருக்க வேண்டும். வேறு முறைகள் பலனளிக்காமல் போயிருக்க வேண்டும். மருத்துவர் தகுதி என்று சொல்வதாலேயே காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிடாது. அரசு ஊழியர் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்கள் எந்த மருத்துவமனையில், எந்த அறுவைக்கு, எவ்வளவு என்பதைத் திட்ட உதவி மையத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிய பிறகே தேதி குறிக்க வேண்டும். முகாமில் வாய்மொழியாகச் சொல்வதை நம்பி முன்பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த அறுவைக்குப் போய் இறந்தார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. அந்தச் செய்தி வந்த வாரம் அக்கா வீட்டில் எல்லாரும் ‘வேண்டவே வேண்டாம்’ என்றார்கள். அனுபவமுள்ள மையங்களில் இந்த அறுவையால் உயிரிழப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று வரை. பித்தப்பை அகற்றும் அறுவைக்கு நிகரானது. மறுபக்கம், அறுவை செய்யாமல் இருப்பதற்கும் ஓர் எண் உண்டு. ஸ்வீடனில் 1987இல் தொடங்கி 4,047 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அறுவை செய்தவர்களின் இறப்பு மற்றவர்களைவிட 29 விழுக்காடு குறைவு என்று 2007இல் கண்டார்கள். அந்த ஆய்வில் பெரும்பாலோருக்குச் செய்த அறுவை முறை இன்று கைவிடப்பட்டுவிட்டது என்பது வேடிக்கை. அக்கா வீட்டாரை மாற்றியது இந்த எண்கள் அல்ல. மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, மயக்க மருந்து நிபுணர் முழு நேரமா, இந்த மருத்துவர் இதுவரை எத்தனை அறுவை செய்திருக்கிறார், இரவில் கசிவு ஏற்பட்டால் மறுபடி திறப்பது யார் என்று அக்கா ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டு, பதிலையும் எழுதிக்கொண்டு வந்ததுதான். ஒரு மருத்துவமனையில் இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்பட்டார்களாம். அங்கே அவர் போகவில்லை.

வகுப்பறையில்

பத்தாம் வகுப்பில் இதை நடத்துமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டேன்: எந்த மாணவரின் எடையையும் வகுப்பில் கேட்பதில்லை. கற்பனை எண்களையே கணக்குக்குக் கொடுத்தேன். அதோடு, பெரியவர்களுக்கான குறியீட்டு எல்லைகள் வளரும் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தா. அவர்களுக்கு வயது, பாலினம் சார்ந்த வளர்ச்சி அட்டவணை தனியாக இருக்கிறது. உடல் பரிசோதனை நாளில் எடையைச் சத்தமாகப் படித்துச் சொல்லும் வழக்கம் சில பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. ‘பூசணி’ என்று பெயர் வைப்பது பிள்ளைகள்தாம், ஆனால் எண்ணை எடுத்துக் கொடுப்பது நாம். என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு மாணவி, ஹார்மோன் பகுதி நடந்த அன்று முதல்முறையாகக் கை தூக்கினாள். “மிஸ், அப்ப பசிக்குறது தப்பு இல்லையா?” என்றாள். இல்லை என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அக்காவுக்கு மே விடுமுறையில் பைபாஸ் நடந்தது. மூன்றாம் நாள் வீடு வந்தார். முதல் இரண்டு வாரம் வெறும் திரவம், அழுகை, ‘ஏன் செய்துகொண்டேன்’ என்ற புலம்பல். மூன்றாம் மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அது திரும்பி வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. இன்சுலின் நின்றுவிட்டது, மாத்திரை ஒன்று தொடர்கிறது. இப்போது 74 கிலோ. ஒரே தலையணையில் படுக்கிறார். ஜீப்காரர் 94 கிலோ. பீடி நின்றது என்று அவர் சொல்கிறார், தங்கை சிரிக்கிறார். போன வாரம் அக்காவைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தபோது கையில் அதே பழைய கைப்பை. உள்ளே மாத்திரை டப்பா, சுண்டல் டப்பா, அந்தக் கேள்வி நோட்டு. நோட்டை வேறொரு பள்ளி ஆசிரியை கேட்டிருக்கிறாராம், கொடுக்கப் போகிறார்.